பிடித்து வைத்த வேகம்

மூன்றாவது முறையும் வண்டி கோட்டிலேயே மண்டியிட்டது.

பச்சை விளக்கு எரிந்தது. அவளுடைய இடக்கால் எழுந்தது. வண்டி மட்டும் எழவில்லை. அதுவரை ஊரையே கூட்டிவிடும்படி முழங்கிக்கொண்டிருந்த எஞ்சின், ஓரடி நகர்ந்ததும் தொண்டையில் துணியடைத்தாற்போல் திணறிற்று, இருமிற்று, நிறைந்த சபையில் அவமானப்பட்டவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுவதுபோல் தயங்கித் தயங்கி ஓடி, இருநூறு மீட்டர்க் கம்பத்தைக் கடந்தது. ஒலிபெருக்கி நேரத்தை அறிவித்தது. அறிவித்த குரலிலேயே சிரிப்பும் கலந்திருந்தது.

"கல்லுக்கால் மறுபடியும் கல்லா நின்னுடுச்சுப்பா!" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து எவனோ கத்தினான். கூட்டம் கைதட்டிக் களித்தது.

பக்கத்து இருக்கையில் வழிக்குறிப்பு வாசிப்பவனாக அமர்ந்திருந்த அண்ணன் அவள் தோளைத் தட்டினான். "விடும்மா. எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?"

கூட்டத்தின் சிரிப்பை அவள் தாங்கிக்கொண்டாள். அந்தத் தட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

மூடிக்கிடந்த ஆலையொன்றின் காங்கிரீட் சாலை அது. இருபுறமும் ஆளுயரச் சுவர். சுவரோரம் தகரக் கொட்டகைகள். மறுநாள் நடக்கவிருந்த பந்தயத்துக்கு ஊர்க் கார்ப்பந்தய மன்றத்தின் காரை யார் ஓட்டுவது என்று அன்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு முதல் இருநூறு மீட்டரை மன்றம் வகுத்த நேரத்துக்குள் கடக்க வேண்டும். நான்கு வாய்ப்புகள். மூன்று கரைந்துவிட்டன. நான்காவதும் கரைந்தால் இருக்கை மன்றச் செயலாளரின் மருமகனுக்கு. அவன் காலையிலிருந்தே தலைக்கவசத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவளோ ஓட்டுநர் பள்ளியில் பயிற்சி கொடுப்பவள். பிறர் ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து, பிறர் செய்யும் பிழைகளுக்குத் தன் காலடியில் உள்ள பிரேக்கை மிதித்தே இளமையின் பாதியைத் தேய்த்தவள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! மணமகனுக்கும் மாமியாருக்கும், காவலருக்கும் கணக்கருக்கும், பயந்து அழுதவர்க்கும் பயமே அறியாதவர்க்கும்! அந்தக் கால் இன்று கல்லுக்கால் ஆயிற்று. அந்த மன்றம் இதுவரை எந்தப் பெண்ணுக்கும் தன் காரின் சாவியைக் கொடுத்ததில்லை. இவள் தோற்றால் ஓர் ஓட்டுநர் தோற்றார் என்றா சொல்வார்கள்? "பொம்பளைக்கும் கொடுத்துப் பார்த்தாச்சு" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், இன்னும் ஒரு தலைமுறைக்குக் கதவைப் பூட்டிவைக்க.

கொட்டகையில், எண்ணெய்ப் பீப்பாய் மேலிருந்த மடிக்கணினியை அண்ணன் திறந்தான். பின்னாலேயே செயலாளரும் வந்து நின்றார்.

"பாரும்மா," என்று திரையில் ஏறி இறங்கிய கோட்டின்மேல் விரல் வைத்தான் அண்ணன். "பச்சை விழுந்தது இங்க. கிளட்ச் விட்டதுன்னு கம்ப்யூட்டர் எழுதியிருக்கறது இங்க. நடுவுல இருக்கே இந்தப் பள்ளம், அது உன் கால்."

அவள் பார்த்தாள். பள்ளம் இருந்தது. மூன்று ஓட்டத்திலும் இருந்தது.

"நான் சட்டுனு விட்டேண்ணே. விட்ட மாதிரிதான் இருந்துச்சு."

"இருக்கும். மனசு விட்டிருக்கும். கால் விடலை."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "மிஷின் பொய் சொல்லாதும்மா. அதுக்கு உன்மேல என்ன கோபம்? மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாலாவது இருக்கு, இல்லைங்கலை. ஆனா நீயா ஒதுங்கிக்கிட்டா ஒரு மாலையைப் போட்டு, போட்டோ எடுத்து, கௌரவமா முடிச்சிடலாம்."

"அதையும் யோசிச்சுப் பாரும்மா," என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பாராமல்.

இருவரும் போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலின் அனலில், அவளும் காரும் மிஞ்சினர்.

லாஞ்ச் கன்ட்ரோல் என்று அந்தக் காரில் ஓர் ஏற்பாடு உண்டு. முதல் கியரைப் போட்டு, இடக்காலால் கிளட்சைத் தரைவரை மிதித்து, வலக்காலால் ஆக்ஸிலரேட்டரையும் தரைவரை மிதித்துவிட வேண்டும். வேறு காராக இருந்தால் எஞ்சின் கதறிக் கதறித் தன்னையே உடைத்துக்கொள்ளும். இதில் கணினி குறுக்கே நிற்கும். கிளட்ச் மிதிக்கு மேலே, கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மிதி கீழே இருக்கிறது என்று அந்தச் சுவிட்ச் சொல்லும்வரை, கணினி தீப்பொறியை விட்டுவிட்டு வெட்டி, எஞ்சினை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும். படபடவென்று புகைக்குழாய் வெடிப்பது அதனால்தான். மிதி எழுந்தது என்று சுவிட்ச் சொன்ன மறுகணம் கணினி பிடியை விடும். சேர்ந்து நின்ற வலிமையெல்லாம் சக்கரத்துக்குப் பாயும். கியர் தானே மாறும் கார்களில் கிளட்சையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். கையால் கியர் போடும் காரில், பிடித்து வைப்பதுதான் கணினியின் வேலை. கிளட்சை எந்தக் கணத்தில் எவ்வளவு விடுவது என்பது மனிதக் காலின் பொறுப்பு. அவளுடைய காலின் பொறுப்பு. அந்தக் கால் தவறிவிட்டது என்று கணினி மூன்று முறை சாட்சி சொல்லிவிட்டது.

அவள் காலணியைக் கழற்றி எறிந்தாள். இடது தொடையை முஷ்டியால் குத்தினாள். மறுபடி குத்தினாள். வலித்தது, வலிக்கட்டும் என்று மேலும் குத்தினாள்.

"என்ன நாத்தனாரே, காலுக்குப் பூசை நடக்குதா?"

சாப்பாட்டு அடுக்குடன் அண்ணி வாசலில் நின்றாள். தையற்கடை வைத்திருப்பவள், கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள்.

"இது கால் இல்லை அண்ணி. விறகு."

"விறகா இருந்தா அடுப்புக்காவது ஆகும். முதல்ல சாப்பிடு. அப்புறம் வெட்டிப் போடலாம்."

"தொண்டையில இறங்காது."

அண்ணி அடுக்கைக் கீழே வைத்தாள். நாத்தனாரின் கண்களைப் பார்த்ததும் கேலியை மடித்து வைத்துவிட்டாள். "நான் என்ன செய்யணும்? சொல்லு."

அவளுக்கே தெரியவில்லை. நீரில் மூழ்குகிறவர் கைக்கு எட்டியதைப் பிடிப்பதுபோல் அவள் மனம் எதையோ தேடியது. பள்ளியில், கிளட்ச் பிடிக்கும் இடம் பிடிபடாமல் தவிக்கும் மாணவர்களுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அதைத் தனக்கே செய்துகொள்ள வேண்டியதுதான். வெட்கப்பட இனி என்ன இருக்கிறது?

முன்சக்கரங்களில் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினாள். எஞ்சினை நிறுத்தியபடியே முதல் கியரில் போட்டாள். "அண்ணி, இந்தச் சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டே இருங்க. நான் கிளட்ச மிதிச்சிருக்கற வரைக்கும் லேசா சுத்தும். கொஞ்சம் கொஞ்சமா விடுவேன். எப்போ இறுகுதோ அப்போ சொல்லுங்க. என் கால் அந்த இடத்தைத் தப்பா நினைச்சுக்கிட்டிருக்கான்னு பார்க்கணும்."

"தையல் மிஷின் வீலைச் சுத்தற கைதானே. சுத்தறேன்."

மிதியை மெல்ல மெல்ல எழவிட்டாள். பாதிவழியில், இங்கேதான் என்று பாதம் சொன்ன அதே இடத்தில், அண்ணி கத்தினாள்: "இறுகிடுச்சு! நகர மாட்டேங்குது."

அப்படியானால் பாதம் சொன்னது சரி. அவள் வியப்போடு மேலும் காலை எடுத்தாள். இரண்டு விரற்கடை உயர்ந்த பிறகு, ஏறத்தாழ மிதி முழுவதும் எழுந்துவிட்ட இடத்தில், காதில் விழுந்தது:

டிக்.

தலைக்கவசத்துக்குள்ளும் எஞ்சின் முழக்கத்துக்குள்ளும் அவள் ஒருநாளும் கேட்டிராத சின்னஞ்சிறு ஓசை.

"இன்னொரு தடவை அண்ணி."

இறுகியது. இரண்டு விரற்கடை. டிக்.

"இன்னொரு தடவை."

"சக்கரம் இறுகறதும் அந்தச் சத்தமும் சேர்ந்து வரணுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"சேர்ந்துதான் வரணும்."

அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மிதிகளுக்கடியில் தலையை நுழைத்து மல்லாந்தாள். சுவிட்சை இடத்தில் பிடித்து நிறுத்தும் மரை மீதும் அதைத் தாங்கும் பட்டை மீதும், பட்டறையில் எல்லா மரைகளுக்கும் இடுவதுபோல, ஒரே இழுப்பில் மஞ்சள் பெயின்ட் கோடு இட்டிருந்தது. மரை அசைந்தால் காட்டிக்கொடுப்பதற்காக இடும் கோடு. அந்தக் கோடு இப்போது முறிந்திருந்தது. பாதி பட்டையில், பாதி மரையில், நடுவே புதிதாய்ப் பளபளக்கும் ஸ்பேனர்த் தடம்.

தானாகக் கழன்ற மரை தளர்ந்திருக்கும். இது இறுக்கமாக இருந்தது. யாரோ கழற்றி, இடம் மாற்றி, கவனமாக முடுக்கியிருக்கிறார்கள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. கணினி அவள் காலைப் பார்த்ததே இல்லை. அது பார்த்தது சுவிட்சை. கால் எழுந்தது, கிளட்ச் பிடித்தது, காரின் எடை முழுவதும் எஞ்சின் தலையில் இறங்கிற்று. அந்த நேரத்தில் கணினியோ, மிதி இன்னும் கீழேயே இருக்கிறது என்று நம்பி, தீப்பொறியை வெட்டிக்கொண்டே இருந்தது. கைகளைக் கட்டிப்போட்டுவிட்டுச் சுமையைத் தூக்கச் சொன்னால் எவர்தான் தூக்குவார்? தூக்கவில்லை என்றதும், இவளால் ஆகாது என்று எழுதிக்கொள்கிறார்கள். கட்டியவன் பெயரை எவரும் எழுதுவதில்லை.

"நேத்து சாயங்காலம்," என்றாள் அண்ணி மெதுவாக, "உங்க அண்ணன் இதே மாதிரிதான் வண்டிக்குள்ள தலைகீழாக் கிடந்தாரு. என்னங்கன்னேன். மேட் விலகியிருக்கு, சரி பண்றேன்னாரு."

தண்ணீர்ப் பாட்டிலுடன் உள்ளே வந்த அண்ணன், தூக்கி நின்ற சக்கரத்தைப் பார்த்தான். மனைவியின் உள்ளங்கையில் அப்பியிருந்த கரியைப் பார்த்தான். தங்கையின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"சுவிட்ச ஏத்தி வச்சது நீங்களாண்ணே?"

"ரெண்டு நூல்தான் ஏத்தினேன். வெறும் கால் அங்குலம்."

"ரெண்டு நூல்!"

"முதல் நாள் பயிற்சியில வண்டி கிளம்பினதும் பாம்பு மாதிரி வளைஞ்சுதே, ஞாபகமிருக்கா? நீ முன்னாடி ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தே. நான் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அது எவ்வளவு கிட்ட வந்துச்சு தெரியுமா? இதே மாதிரி ஒரு ஸ்டார்ட்லதான் என் இடுப்பு போச்சு. படுத்த படுக்கையா நான் பட்டதை நீ படணுமா? அப்பா அம்மா இருந்திருந்தா உன்னை இதுல உட்கார விட்டிருப்பாங்களா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அதான் கேட்கலை."

"அவங்க சிரிச்சாங்கண்ணே. மூணு தடவையும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து என் தோளைத் தட்டினீங்க."

"சிரிப்பு நாலு நாள்ல மறந்துடும். எலும்பு மறக்காது."

எதிரி செய்திருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள். பாசம் செய்த வேலை இது. பாசத்தை எந்த மன்றத்தில் நிறுத்தி வழக்காடுவது? அடித்து அடக்கப்பட்ட பெண்களைவிட, அணைத்து அடக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் தங்கள் காலையே அல்லவா குத்திக்கொண்டு சாகிறார்கள்! அவள் தொடையில் கன்றிப்போன இடம் இன்னும் வலித்தது.

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எனக்கும் இந்த மாதிரி எங்கெங்க சுவிட்ச் வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க. கையோட கழட்டிடறேன்."

அவன் பாட்டிலைத் தரையில் வைத்தான். ஒலிபெருக்கி வண்டியைக் கோட்டுக்கு அழைத்தது.

அவள் மீண்டும் மிதிகளுக்கடியில் நுழைந்தாள். மரையைத் தளர்த்தி, சுவிட்சைக் கீழிறக்கினாள். "அண்ணி, சக்கரம்!" ஒரு கையால் மிதியை அழுத்தி, மறு கையால் மரையைப் பிடித்து, அண்ணி "இறுகிடுச்சு" என்று சொல்லும் கணமும் ஓசை எழும் கணமும் ஒன்றாகும்வரை திருகினாள். முதலில் ஓசை முந்தியது. முந்தினால் கிளட்ச் பிடிப்பதற்குள் எஞ்சின் எகிறிவிடும். டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகையும். மறுபடி திருகினாள். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையில்லை. ஒலிபெருக்கி இரண்டாம் முறை அழைத்தது; வராவிட்டால் விலகியதாகக் கொள்ளப்படும் என்றது.

"இறுகி—" என்றாள் அண்ணி. டிக். இரண்டும் ஒன்றாய் விழுந்தன.

முடுக்கினாள். எழுந்தாள். ஜாக்கியை இறக்கினாள்.

"நான் ஏறலை," என்றான் அண்ணன்.

அவள் நின்றாள். பந்தய விதிப்படி இரு இருக்கையிலும் பதிவு பெற்ற ஆள் இருந்தாக வேண்டும். அன்று அவளுடன் ஏறப் பதிவு பெற்ற ஆள் அவன் ஒருவன்தான். சுவிட்ச் போனால் என்ன, அவன் உட்காராமல் இருந்தாலே போதும், கார் நகராது.

அவள் அதுவரை கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சினாள். "அண்ணே. காலைப் பிடிக்கணுமா? பிடிக்கறேன். இந்த ஒரு தடவை. ஜெயிச்சுக் கொடுங்கன்னு கேட்கலை. தோத்தாலும் நானாத் தோத்துட்டு வரேன். அதுக்காவது விடுங்கண்ணே."

"சுவர் இருக்கும்மா ரெண்டு பக்கமும்…"

"இடுப்பு போனப்போ உங்களை யாராவது பிடிச்சு வச்சாங்களாங்க?" என்று கேட்டாள் அண்ணி. அவள் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. தாழ்ந்த குரலுக்கே கூர்மை அதிகம். "நான் வேண்டாம்னு அழுதேன். 'பொம்பளைக்கு என்ன தெரியும்'னுட்டு ஏறினீங்க. அந்த வீம்புல பாதியாவது இப்போ காட்டுங்க. இல்லைன்னா அந்த ஹெல்மெட்டை என்கிட்ட கொடுங்க. பதிவாவது கிதிவாவது, அவங்க கண்டுபிடிச்சு இறக்கற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

அவன் ஏறினான். இருக்கைப் பட்டையை மாட்டினான்.

கோட்டில் கார் நின்றது. முதல் கியர். இடக்கால் தரைவரை. வலக்கால் தரைவரை. எஞ்சின் எழும்பி, கணினியின் கையில் மாட்டி, படபடவென்று வெடித்தது. தடுப்புக்கு அப்பால் முகங்கள் சிரிக்கத் தயாராய்க் காத்திருந்தன. பாதத்துக்கடியில் மிதி அதிர்வதை உணர்ந்தாள். ஒருவேளை உண்மையாகவே கால் கல்லாக இருந்தால்? ஒருவேளை சுவிட்சும் கணினியும் சரியாகவே இருந்து, நான்தான் தவறு என்று இப்போது தெரிந்துவிட்டால்? இதற்குப்பின் சாக்கு ஏதும் மிச்சமில்லை. அந்த அச்சம், சிரிப்பைவிடப் பெரிதாய் அவள் நெஞ்சை அழுத்தியது.

"அஞ்சு," என்று எண்ணத் தொடங்கினான் அண்ணன். எண்ணும் குரல் உடைந்தது. "நாலு… மூணு…"

பச்சை.

காலை எடுத்தாள்.

பின்னந்தலையை இருக்கை அறைந்தது. முன்சக்கரங்கள் கிறீச்சிட்டு, பற்றி, காரை ஒரே மூச்சில் பிடுங்கி எறிந்தன. மூக்கு இடப்புறம் வளைந்தது. சுவர் வந்தது. அண்ணன் சொன்ன அதே சுவர். காங்கிரீட்டில் விழுந்திருந்த கீறல்கள் தெரியும் அளவுக்கு அருகில்.

"விடு! காலை விடு! விடும்மா!"

அவள் வலக்காலை விடவில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரற்கணு அளவு திருப்பினாள், காத்தாள், அந்தக் காத்தல் அவள் வாழ்நாளிலேயே நீண்டது, மூக்கு திரும்பி நேரானது. இரண்டாம் கியர். சுவர் பின்னால் போயிற்று. மூன்றாம் கியர். கம்பம் கடந்தது.

ஒலிபெருக்கி உடனே பேசவில்லை. பிறகு நேரத்தைச் சொன்னது. இம்முறை அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. மன்றம் வகுத்த நேரத்துக்கு ஒரு கண்ணிமைப்பு உள்ளே, ஆனால் உள்ளே.

அவள் காரைத் திருப்பி ஓட்டிவந்து நிறுத்தினாள். செயலாளர் ஓடிவந்தார். வந்தவர் அவள் பக்கம் வரவில்லை. சுற்றிக்கொண்டு அண்ணன் பக்கத்துச் சன்னலில் குனிந்தார்.

"அடடா! சாப்பாட்டு நேரத்துல என்ன மந்திரம் போட்டீங்க? அந்தக் காலை எப்படித் திருத்தினீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சொல்வான் என்று காத்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினான் அவன், முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன் சார். பிடிச்சுக்கிட்டா."

அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

"அவர் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை சார்," என்றாள், தடுப்புவரை கேட்கும் குரலில். "கிளட்ச் சுவிட்ச இடம் மாத்தி வச்சிருந்தார். மூணு ஓட்டமும் அப்படித்தான் ஓடினேன். நான் பார்த்துத் திரும்ப வச்சேன். கால் முதல்லயிருந்தே இதே கால்தான்."

செயலாளர் சன்னல் வழியே மிதிகளை எட்டிப் பார்த்தார். தடுப்பருகே யாரோ "என்னது?" என்றார், வேறொருவர் அவரை அடக்கினார்.

"நாளைக்குப் பக்கத்து இருக்கைக்கு வேற ஆள் போட்டுக்கலாமா?"

"பதிவு… பதிவு இருக்கற ஆளா இருந்தா போடலாம்," என்று தடுமாறினார் செயலாளர்.

"ஊர் முன்னாடி இப்படியா சொல்லுவே?" என்றான் அண்ணன். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "உன்மேல உயிரா இருந்ததுக்கு இதுவா?"

"மூணு தடவையும் நான் ஊர் முன்னாடிதான் நின்னேண்ணே."

அவன் பட்டையைக் கழற்ற முயன்றான். விரலுக்குக் கொக்கி அகப்படவில்லை. அவள் உதவவில்லை, ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றியபடி, அழுகையை அடக்க முடியாமல், அவன் இறங்கும்வரை முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.